புள்ளி எப்போது வந்தது?

பவுடர் புளூ டேங் என்று கடைக்காரர்கள் சொல்லும் மீன் நம் இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்தது. லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் இலங்கையைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளிலும் பாசி மேய்ந்து திரியும். இளநீல உடல், கருத்த முகம், மஞ்சள் முதுகுத் துடுப்பு. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆசைப்பட்டு வாங்குவதும், வாங்கிய சில நாளில் பறிகொடுப்பதும் பெரும்பாலும் இந்த மீனைத்தான்.

கதை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். புதிய மீன் தொட்டியில் இறங்குகிறது. சில நாள் கழித்து ஒரு காலையில் துடுப்பிலும் உடலிலும் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். வீட்டுக்காரர் பதறிப்போய் கடைக்கு ஓடி ஒரு புட்டி மருந்து வாங்கி வந்து ஊற்றுகிறார். சிலர் தீனியில் பூண்டுச்சாறு கலக்கிறார்கள். நான்கைந்து நாளில் புள்ளிகள் மறைகின்றன. மருந்து கேட்டுவிட்டது என்று நிம்மதி. அடுத்த ஓரிரு வாரத்தில் புள்ளிகள் திரும்பி வருகின்றன, இந்தமுறை நூற்றுக்கணக்கில். மீன் மூச்சு வாங்குகிறது, தீனியைத் தொடுவதில்லை, செத்துப்போகிறது.

அந்த மருந்து எதையும் செய்யவில்லை, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. புள்ளிகள் மறைந்தது அவற்றின் கால அட்டவணைப்படி. மீனின் தோலில் ஒரு குறியைக் கண்டால் அது என்ன என்று கேட்பதற்கு முன் அது எப்போது வந்தது, எத்தனை நாள் நின்றது, எந்த இடத்தில் நின்றது என்று கேட்க வேண்டும். உருவத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டுகிறவர் பாதி நேரம் தவறாகத்தான் சொல்வார்.

அந்த வெள்ளைப் புள்ளிக்குள் இருப்பது கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒரு செல் உயிரி. உடலெங்கும் நுண்ணிழைகள் கொண்டது. நன்னீர் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோயின் காரணியைப் போலவே இருக்கும், போலவே நடந்துகொள்ளும். ஆனால் இரண்டும் நெருங்கிய உறவினர் அல்ல என்று மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. ஒரே பிழைப்பு முறையை இரண்டு தனித்தனிக் குலங்கள் தாமாகவே கண்டடைந்திருக்கின்றன.

நீரில் நீந்தி வரும் இளம் ஒட்டுண்ணி மீனைத் தொட்டதும் மேல்தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே மூன்று முதல் ஏழு நாள் வரை மீனின் திசுக்களைத் தின்று கொழுக்கும். நம் கண்ணுக்குத் தெரியும் புள்ளி அப்போதுதான் உருவாகிறது. குறுக்களவு அரை மில்லிமீட்டருக்குள். வயிறு நிறைந்ததும் அது மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ தொட்டிக் கண்ணாடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு உள்ளே பிரியத் தொடங்கும். ஓர் ஓட்டிலிருந்து இருநூறு, சில சமயம் அதற்கும் மேல் குஞ்சுகள் வெளிவரும். சில ஓடுகள் மூன்றே நாளில் திறக்கும். பல, நான்கு வாரத்துக்குள் திறந்துவிடும். ஓர் ஆய்வில் ஒரு கூட்டம் 72 நாள் வரை காத்திருந்து திறந்தது. வெளிவந்த குஞ்சுகளுக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் முடிந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்குவதும், ஓட்டிலிருந்து குஞ்சு வெளிவருவதும் பெரும்பாலும் இருட்டில், விடிவதற்கு முந்தைய நேரத்தில் நடக்கும். அந்நேரம் மீன் பாறை இடுக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே அசையாமல் கிடக்கும் உடலைப் பிடிப்பது நடுக்கடலில் நீந்தும் உடலைத் துரத்துவதைவிட எளிது. பரந்த கடலில் இந்தத் தந்திரம் அதற்கு ஏதோ வாழ வழி செய்கிறது, அவ்வளவே. நாலடித் தொட்டியில் அதுவே படுகொலையாகிறது. மீனுக்குத் தப்பிப் போக வேறு இடம் கிடையாது.

மீன் தோல் ஏன் இவ்வளவு எளிதில் இடம் கொடுக்கிறது? நம் தோலின் மேலே செத்த செல்களாலான காய்ந்த அடுக்கு ஒன்று இருக்கிறது. மீனுக்கு அது இல்லை. அதன் தோலின் வெளிப்புறச் செல்களே உயிருள்ளவை. அவற்றின் மேல் வழும்பு மட்டும்தான் காவல். செதில்தான் மேல்கவசம் என்று பலர் நினைக்கிறார்கள். செதில் உட்தோலில் முளைத்திருக்கிறது, அதற்கும் மேலே மெல்லிய உயிர்த்தோல் போர்த்தியிருக்கிறது. ஆகவே ஒரு செதில் உதிர்ந்தால் அங்கே தோல் கிழிந்திருக்கிறது என்று பொருள். கடல்மீனுக்கு அது கூடுதல் ஆபத்து. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீனின் குருதியில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நீர் எந்நேரமும் உடலிலிருந்து வெளியே கசிகிறது, மீன் எந்நேரமும் கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே தள்ளி ஈடுகட்டுகிறது. தோலில் ஓட்டை விழுந்தால் கசிவு கூடும். கடலுக்குள்ளேயே மீன் நீர்வற்றிச் சாகும்.

இதைத் தெரிந்துகொண்டால் அடுத்த நோயின் குணம் புரியும். வெல்வெட் என்று தொட்டிக்காரர்கள் சொல்லும் அமைலூடினியம் ஒசெல்லேட்டம். இது பாசிகளோடு உறவுள்ள ஒரு சாட்டையிழை உயிரி. இதை முதலில் விவரித்தவர் இ. எம். பிரவுன், 1931-இல், லண்டனில். கிரிப்டோகாரியானுக்கு 1951-இல் பெயர் வைத்தவரும் பிரவுன்தான். கடல்மீன் தொட்டிகளை இன்றுவரை காலியாக்கிக்கொண்டிருக்கும் இரண்டு பெரிய கொலையாளிகளும் ஒரே ஆய்வாளரின் கணக்கில் இருப்பது பலருக்குத் தெரியாது.

வெல்வெட்டின் புள்ளி வெள்ளைப் புள்ளியைவிட மிகச் சிறியது. எண்ண முடியாது, மாவு படிந்த மினுமினுப்பாகத்தான் தெரியும், அதுவும் இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால். ஆனால் தோலில் அது தெரிகிற நேரத்தில் காரியம் கைமீறியிருக்கும். ஏனென்றால் அது முதலில் உட்காருவது செவுளில். வேர் போன்ற இழைகளால் செவுளின் செல்களைப் பற்றி உறிஞ்சும். ஒன்று பிரிந்து 256 குஞ்சுகள் வரை ஆகும், வெதுவெதுப்பான நீரில் ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். கடுமையாகத் தாக்கினால் ஒரே இரவில் தொட்டி காலி. வெல்வெட்டைக் கண்டுபிடிக்க விரும்புகிறவர் தோலைப் பார்ப்பதைவிட மூச்சை எண்ண வேண்டும். மீன் அலைமோட்டாரின் வாய்க்கு எதிரே போய் நிற்கிறதா, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குகிறதா, நேற்று மாலை வரை தின்ற மீன் இன்று காலை தின்னவில்லையா? இந்த மூன்றும் சேர்ந்தால், தோல் பளிங்கு போலச் சுத்தமாக இருந்தாலும் வெல்வெட் என்றே எடுத்துக்கொண்டு வேலையில் இறங்குங்கள். இதில் பொறுமைக்கு இடமில்லை.

நீமோ படத்தால் புகழ்பெற்ற கிளவுன் மீனுக்கு வேறொரு சாபம். புரூக்ளினெல்லா ஹாஸ்டிலிஸ். 1970-இல் லோம், நிக்ரெல்லி என்ற இருவர் விவரித்தது. இங்கே புள்ளியே இருக்காது. தோல் மங்கி, வழும்பு திரண்டு, திட்டுத்திட்டாக உரிந்து தொங்கும். இந்த ஒட்டுண்ணி மணலில் இறங்கி ஓடு கட்டுவதில்லை. மீனின் மேலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். அதனால் மறைவதும் திரும்புவதும் என்ற நாடகம் இதில் இல்லை, நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும். வெள்ளைப் புள்ளிக்கு மருந்தாகப் போடும் தாமிரம் இதற்குக் கேட்காது, ஃபார்மலின் கேட்கும். வெள்ளைப் புள்ளி என்று நினைத்துத் தாமிரத்தில் போட்டவர்கள் ஒரு வாரம் தப்பான மருந்தோடு காத்திருந்து மீனை இழந்திருக்கிறார்கள்.

எல்லாக் குறியும் நோயல்ல. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் தேவையில்லாத மருந்தால் சாகும் மீன்களும் உண்டு. இரவு பத்து மணிக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தால் யெல்லோ டேங்கின் மஞ்சள் வெளுத்து, நடுவில் பழுப்புத் திட்டும் அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடும் தெரியும். அது அதன் தூக்க நிறம். காலையில் கால் மணி நேரத்தில் மஞ்சள் திரும்பிவிடும். நம் கடற்கரையில் ஓரா என்று அழைக்கும் மீனின் உறவுக்கார ஃபாக்ஸ்ஃபேஸ் பயந்தாலோ தூங்கினாலோ பளிச்சென்ற மஞ்சளை விட்டுவிட்டு அழுக்குப் பழுப்பாகத் திட்டுத்திட்டாக மாறிவிடும். அதைக் கண்டு அலறுபவர் பலர். இந்த மாற்றமெல்லாம் தோலில் உள்ள நிறச் செல்களின் வேலை. நிறத்துகள்களைச் செல்லுக்குள் விரித்தால் நிறம் அடர்ந்து தெரியும், நடுவில் குவித்தால் வெளுக்கும். நரம்பின் கட்டளைக்கு நொடிகளில் நடக்கிற காரியம் இது. நொடியில் வருவது நொடியில் போகும். ஒட்டுண்ணிக்கு அப்படி முடியாது.

கிளவுன் மீன் புதிதாகக் கடல்தாமரையிலோ பவளத்திலோ குடியேறும்போது ஆரஞ்சு உடலில் கருந்திட்டுகள் வரும். கொட்டும் செல்கள் பட்டுப்பட்டு அந்த இடத்தில் கருநிறம் கூடுகிறது. சில வாரத்தில் தானே போய்விடும். டேங் மீன்களின் வாலடியில் சவரக்கத்தி போன்ற முள் இருக்கிறது, இரண்டு டேங் சண்டை போட்டால் உடலில் நேர்கோட்டுக் கீறல் விழும். ஒட்டுண்ணி நேர்கோடு போடாது. மணல் துகளோ காற்றுக்குமிழோ ஒட்டியிருந்தால் மீன் ஒரு சுற்று வேகமாக நீந்தியதும் காணாமல் போகும்.

இனி எனக்குப் பிடித்த குறி ஒன்று. துடுப்பின் ஓரத்தில் வெள்ளையாக, மருவைப் போல, கொஞ்சம் பெரிதானால் காலிஃபிளவர் போலத் திரண்டிருக்கும். வெள்ளைப் புள்ளி நோயோடு குழப்பிக்கொள்ளப்படுவதில் இதற்குத்தான் முதலிடம். லிம்ஃபோசிஸ்டிஸ் என்பது பெயர். 1874-லேயே தட்டைமீன் ஒன்றில் பதிவு செய்யப்பட்டது. இதன் காரணி வைரஸ் என்ற சந்தேகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது, மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகு 1960-களில் உறுதியானது. இந்த வைரஸ் தான் நுழைந்த செல்லைக் கொல்வதில்லை, பிரியவும் விடுவதில்லை. ஊத வைக்கிறது. சாதாரண அளவைவிடப் பல்லாயிரம் மடங்கு பருமனாகி, ஒரே ஒரு செல் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும். விலங்குடலில் ஒரு தனிச் செல்லைக் கருவி இல்லாமல் பார்க்கும் வாய்ப்பு அரிது. அந்த மருவின் ஒவ்வொரு முத்தும் ஒரு செல்.

மருத்துவரீதியாக இது பெரும்பாலும் தீங்கற்றது. வாயை அடைத்தாலோ செவுளில் வந்தாலோதான் தொல்லை. பிடிபட்டு, பையில் அடைபட்டு, இடம் மாறிய அலுப்பில் இருக்கும் மீனுக்கு வரும். நல்ல தீனியும் நல்ல நீரும் கிடைத்தால் வாரங்களிலோ மாதங்களிலோ தானே உதிரும். இதற்கென்று மருந்து கிடையாது, தேவையும் இல்லை. வெள்ளைப் புள்ளியிலிருந்து இதைப் பிரித்தறிய நாட்காட்டி ஒன்று போதும். பத்து நாள் கழித்தும் அதே துடுப்பில் அதே இடத்தில் அதே முத்து இருந்தால் அது கிரிப்டோகாரியானாக இருக்க முடியாது. அந்த ஒட்டுண்ணி ஏழு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் குடியிருக்காது.

டேங் மீன்களின் முகத்தில் குழிவிழுந்து, பக்கவாட்டுக் கோடு நெடுக தோல் அரித்துப்போகும் இன்னொரு குறி பல ஆண்டுகள் புதிராக இருந்தது. வைட்டமின் குறைவு, மின்கசிவு, ஒட்டுண்ணி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அமெரிக்காவின் டொலிடோ விலங்கியல் பூங்காவில் பணியாற்றிய ஜே ஹெம்டல் தம் சக ஆய்வாளருடன் 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையில் கைகாட்டியது. ஒரே வகை டேங் மீன்களைப் பிரித்து, ஒரு பகுதியை வெறும் நீரிலும், மற்றவற்றை நீரைச் சுத்தமாக்கப் போடும் செயலூட்டிய கரியோடும் வளர்த்தார்கள். பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த கரி போட்ட தொட்டி மீன்களுக்குக் கடுமையான அரிப்பு வந்தது. கரி இல்லாத மீன்களுக்கு வரவில்லை. குருணையாக அழுத்திய வேறு கரியில் பாதிப்பு குறைவு. நெய்வேலியில் வெட்டுகிறோமே, அதே வகை நிலக்கரிதான் இது. எளிதில் பொடியாகி நீரில் கலக்கும். நீரைத் தூய்மை செய்யப் போட்டதே மீனின் முகத்தை அரித்திருக்கிறது. எல்லா முக அரிப்புக்கும் கரிதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் மருந்துப் புட்டியைத் திறக்குமுன் வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு இது போதுமான காரணம்.

கண்ணுக்குத் தெரியாத குறியும் உண்டு. நியோபெனிடீனியா என்ற தட்டைப்புழு மீனின் மேல் ஒட்டியிருக்கும். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் என்பதால் தெரியாது. மீன் பாறையில் உரசிக்கொண்டே இருக்கும், கண் வெண்மையாக மங்கும். அப்போது மீனை ஐந்து நிமிடம் நன்னீரில் இறக்கினால் (வெப்பமும் காரத்தன்மையும் தொட்டி நீரோடு ஒத்திருக்க வேண்டும்) புழுக்கள் வெளுத்து, மீனை விட்டு உதிர்ந்து பாத்திரத்தின் அடியில் கிடக்கும். நோயறிதலும் பாதிச் சிகிச்சையும் ஒரே பாத்திரத்தில் முடிகின்றன. யெல்லோ டேங்கின் உடலில் மிளகுப்பொடி அளவில் கரும்புள்ளிகள் வந்தாலும் பெரும்பாலும் புழுதான், வேறு வகை; அதற்கும் இந்தக் குளியல் பலன் தரும்.

பச்சை க்ரோமிஸ் மீன்களின் விலாவில் இரத்தச் சிவப்பில் ஒரு புண் தெரிந்தால் நல்ல செய்தி அல்ல. அது யூரோனீமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த உயிரிக்கு மீனே தேவையில்லை, நீரிலுள்ள பாக்டீரியாவைத் தின்று எத்தனை நாளும் இருக்கும். தோல் பலவீனமான மீன் கிடைத்தால் தசைக்குள்ளும் புகுந்துவிடும். தசைக்குள் போனதை நீரில் கலக்கும் மருந்து தொடுவதில்லை.

ஆறாத புண்களோடு மெலிந்துபோகும் மீனைக் கையாளும்போது உங்கள் விரலையும் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற பாக்டீரியாவை 1926-இல் ஃபிலடெல்ஃபியா மீன்காட்சியகத்தின் கடல்மீன்களில் அரான்சன் என்பவர் கண்டார். காசநோய்க் கிருமியின் உறவுக்காரர். மனிதர் கையில் கீறல் இருந்தால் அதன் வழியே புகுந்து, விரலிலும் முன்கையிலும் மாதக்கணக்கில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். தோல் மருத்துவரிடம் போகிறவர் மீன்தொட்டி வைத்திருப்பதைத் தாமாகச் சொல்வதில்லை, மருத்துவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. சொல்லிவிடுங்கள். கையில் காயம் இருந்தால் உறை போடாமல் தொட்டிக்குள் கைவிட வேண்டாம்.

உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் நுண்ணோக்கி வேண்டும். மீனின் பக்கவாட்டில் கண்ணாடித் துண்டின் ஓரத்தால் தலையிலிருந்து வால் நோக்கி மெல்ல வழித்து, வழும்பைக் கடல்நீர்ச் சொட்டோடு சேர்த்து நூறு மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் போதும். கருத்த உருண்டை மெதுவாக உருண்டுகொண்டிருந்தால் கிரிப்டோகாரியான். அசையாமல் ஒரு முனையில் ஒட்டிய பழுப்பு உருண்டை வெல்வெட். அவரைவிதை வடிவில் வழுக்கிச் செல்வது புரூக்ளினெல்லா. பள்ளிக்கூட நுண்ணோக்கியே இதற்குப் போதும். ஒரு நல்ல டேங்கின் விலையில் அதை வாங்கிவிடலாம், ஆனாலும் பத்துத் தொட்டிக்காரரில் ஒருவர்கூட வைத்திருப்பதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

நுண்ணோக்கி இல்லாதவருக்குக் கைபேசி இருக்கிறது. பவளத்தொட்டியின் நீல விளக்கு புள்ளியை மறைக்கும். வெள்ளை விளக்கைப் போட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்தைப் படமெடுங்கள். தோள்துடுப்பு கண்ணாடி போல இருப்பதால் முதல் புள்ளி அங்கேதான் தெளிவாகத் தெரியும். நான்கு நாள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலான சந்தேகம் தீர்ந்துவிடும்.

கண்டுபிடித்தாயிற்று, பிறகு? கிரிப்டோகாரியானுக்கும் வெல்வெட்டுக்கும் தாமிரம் கேட்கும், லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவில். ஆனால் அது தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியைத் தொடாது, நீந்தும் குஞ்சுகளைத்தான் கொல்லும். அதனால்தான் வாரக்கணக்கில் அளவு குறையாமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவு பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். பவளப்பாறையும் சுண்ணாம்பு மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. ஆகவே பவளத்தொட்டிக்குள் தாமிரம் கூடாது, மீனைத்தான் வெளியே எடுக்க வேண்டும். தாமிரம் வேண்டாம் என்பவர்களுக்கு வெள்ளைப் புள்ளிக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது: மூன்று நாளுக்கு ஒருமுறை மீனை முற்றிலும் உலர்ந்த, சுத்தமான இன்னொரு தொட்டிக்கு மாற்றுவது, நான்கு முறை. உதிர்ந்த ஓடுகள் திறப்பதற்குள் மீன் அங்கிருந்து போய்விடும். மருந்தே இல்லாமல், ஒட்டுண்ணியின் கால அட்டவணையை அதற்கே எதிராகத் திருப்பும் முறை இது. மனிதர் கண்டுபிடித்த மீன் வைத்தியங்களில் இதைவிட அழகானது வேறில்லை என்பேன். வெல்வெட்டுக்கு இது உதவாது.

இதற்கிடையே பழைய தொட்டியில் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. எத்தனை நாள் என்பதற்கு அந்த 72 நாள் ஆய்வுதான் விடை. அதைத் தாண்டி 76 நாள் காலியாக விடுவது தொட்டிக்காரர்களின் வழக்கம். ஒரே ஒரு மீனை, புள்ளி இல்லையே என்று விட்டுவைத்தால் மொத்த முயற்சியும் வீண். நோயிலிருந்து பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். தோல் சுத்தமாக இருக்க, செவுளில் நாலைந்து ஒட்டுண்ணிகளை மட்டும் வளர்த்துக்கொண்டு அது மாதக்கணக்கில் நன்றாகவே உலவும். அடுத்து வாங்கிவரும் புதிய மீன்தான் பலியாகும்.

பவளத்துக்குப் பாதுகாப்பானது என்று அட்டையில் எழுதி விற்கும் வெள்ளைப்புள்ளி மருந்துகளை வாங்காதீர்கள். இறாலைக் கொல்லாமல் இந்த ஒட்டுண்ணியை மட்டும் தொட்டிக்குள்ளேயே ஒழிக்கும் என்று நம்பத்தகுந்த சான்றோடு நிரூபணமான புட்டி எதுவும் என் பார்வைக்கு வரவில்லை. அந்தப் பணத்தில் பத்து கேலன் கண்ணாடித் தொட்டி ஒன்றும் ஒரு காற்றுப் பம்பும் வாங்கி, அடுத்து வரும் ஒவ்வொரு மீனையும் முதலில் அதில் வைத்துப் பாருங்கள்.